கிளை நூலகத்துக் கம்ப்யூட்டரில் யார் உட்காரலாம், என்னென்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர் கிளை நூலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது. உறுப்பினர் ஆகாதவர்கள் பயன்படுத்தலாமா? பணம் கேட்பார்களா? தங்கை டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தை அங்கேயே போடலாம் என்கிறாள். பொதுக் கம்ப்யூட்டரில் ஆதார், பேங்க் விவரமெல்லாம் கொடுப்பது ஆபத்தில்லையா? போன வாரம் நாங்கள் போனபோது அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு "நெட் வரலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பதில்:

நூலகக் கம்ப்யூட்டர்களோடு ரொம்ப வருடம் மாரடித்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். அந்தக் கம்ப்யூட்டருக்கான பணத்தை உங்கள் வீட்டில் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், சொத்துவரியோடு நூலக வரி என்று ஒன்று சேர்ந்திருக்கும். சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. அதாவது அரையாண்டுச் சொத்துவரி 1,500 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 150 ரூபாய். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் கட்டுகிறார், அவர் அதை உங்கள் வாடகையில்தான் வாங்கிக்கொள்கிறார். இந்த ஏற்பாடு 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல காலம் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார். உள்ளாட்சி வசூலிக்கும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகவேண்டும். புத்தகம், நாளிதழ், கட்டடம், கம்ப்யூட்டர், நெட் பில் எல்லாவற்றுக்கும் முதல் ஆதாரம் அதுதான். கொல்கத்தாவில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவியும் மேலே சேரும். சில இடங்களில் எம்எல்ஏ, எம்பி தொகுதி நிதியில் வாங்கிக் கொடுத்த மெஷின்களும் உண்டு.

ஆகவே தயங்கிக்கொண்டே போய் "சார், கொஞ்சம் பயன்படுத்தலாமா" என்று கேட்கிற விஷயம் இல்லை இது. அதே சமயம் "என் வரிப்பணம்" என்று நூலகரிடம் குரல் உயர்த்தவும் வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

நூலகத்துக்குள் உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் தேவை. கம்ப்யூட்டர் விஷயத்தில் நடைமுறை ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் உறுப்பினருக்கு முன்னுரிமை தருவார்கள், மற்றவர்களை அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உட்கார வைப்பார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் மணிக்கு இவ்வளவு என்று சிறு தொகை, பிரிண்ட் எடுத்தால் தனியாக. நேரமும் கூட்டத்தைப் பொறுத்து அரை மணி, ஒரு மணி என்று வைத்திருப்பார்கள். அதனால் உங்கள் தங்கையை முதலில் உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள். காப்புத்தொகையும் சந்தாவும் சொற்பம்தான். முகவரிச் சான்று ஒன்று கேட்பார்கள், சேர்ந்தபின் பேச்சே மாறிவிடும்.

பதிவேட்டில் பெயர், நேரம், அடையாள எண் எழுதச் சொன்னால் தயங்கவேண்டாம். 2011-இல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. அடையாளம் பார்க்காமல் யாரையும் உட்கார வைக்கக்கூடாது, பயன்படுத்தியவர் பதிவை ஒரு வருடமாவது வைத்திருக்கவேண்டும், தடுப்பு தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது, தடுப்பே இல்லாத இடமென்றால் திரை வெளிப்பக்கம் பார்த்து இருக்கவேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. தொழிலாக நெட் கொடுப்பவர்களுக்காக எழுதிய விதிகள்தான், ஆனால் நூலகங்களும் ஏறக்குறைய அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. உங்கள் நூலகத்தில் திரை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தால் அதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். தனியாக வரும் பெண் பிள்ளைகளுக்கு இது ஒருவிதத்தில் பாதுகாப்பு. தன் உடல்நிலையைப் பற்றி எதையாவது படித்துத் தெரிந்துகொள்ள வருபவருக்கோ இது பெரிய சங்கடம். பத்திரிகை படிப்பவர்கள் முதுகுப்பக்கம் உட்காராத ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

அடுத்தது, எது நூலகம் என்பதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பொது நூலகத் துறையின் கீழ் மாவட்ட மைய நூலகம், முழுநேரக் கிளை, கிளை, ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேலே இருக்கின்றன. மேலேயிருந்து கீழே வர வர வசதி குறையும். மாவட்ட மைய நூலகத்தில் தனிக் கணினிப் பிரிவு எதிர்பார்க்கலாம். பகுதிநேர நூலகத்தில் மின்விசிறி சுற்றினாலே சந்தோஷப்படவேண்டும். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராம ஊராட்சிகளில் கட்டிய நூலகங்கள் இந்தக் கணக்கில் வராது, அவை ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவை. பூட்டிக்கிடக்கிறது என்று நூலகத் துறையிடம் புகார் கொடுத்தால் "எங்களுடையது இல்லை" என்றுதான் பதில் வரும். அப்புறம், நகராட்சிகளும் மாநகராட்சிகளும் சமீப வருடங்களில் அறிவுசார் மையம் என்று கட்டியிருக்கின்றன. போட்டித் தேர்வுக்காரர்களை மனதில் வைத்தே கட்டியவை. உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் கிளை நூலகத்தைவிட அங்கே மெஷின் புதிதாக இருக்கும், நெட்டும் வேகமாக இருக்கும். சென்னை, மதுரைக்காரர்களுக்குக் கவலையில்லை. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வேறு தரம்.

இப்போது அந்தத் துணிக்கு வருவோம்.

கிளை நூலகத்தில் பல இடங்களில் ஒரே ஆள்தான். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, நாளிதழ் அடுக்குவது, சந்தா எழுதுவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவரே. கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் அது தளவாடப் பதிவேட்டில் அவர் பெயரில் ஏறிவிடும். ஒவ்வொரு இருப்புச் சரிபார்ப்பிலும் மௌஸ் முதற்கொண்டு காட்டவேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்து, பராமரிப்பு ஒப்பந்தமும் புதுப்பிக்காமல் போனால், கெட்டுப்போன பாகத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்குத் தெளிவான விடை கிடையாது. இப்படி ஒரு நிலையில் நீங்களோ நானோ இருந்தாலும் துணி போட்டுத்தான் மூடுவோம். நூலகர் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதை யோசியுங்கள். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு நிதி ஒதுக்குகிறவர்கள் அதை ஐந்தாவது வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதி வைப்பதில்லை. என்னைக் கேட்டால் நூலகக் கணினித் திட்டங்களின் பெரிய ஓட்டை அதுதான்.

"நெட் வரலை" என்பதில் பாதிக்கு மேல் நெட்டே காரணமாக இருக்காது. அடிக்கடி பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். திரையின் வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மெஷினுக்குள் சிஆர் 2032 என்று காசு வடிவத்தில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பல வருடமானால் அது செத்துப்போகும். அப்புறம் ஒவ்வொரு முறை சுவிட்சை அணைத்துப் போடும்போதும் மெஷின் தான் பிறந்த வருடத்துக்கே போய்விடும். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. மெஷின் 2013 என்று நினைத்துக்கொண்டிருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே என்று பிரவுசர் எந்தப் பக்கத்தையும் திறக்க மறுக்கும். சிவப்பு முக்கோணத்தோடு ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்று வரும், அல்லது கடிகாரம் பின்னால் இருக்கிறது என்று வரும். பார்ப்பவர் நெட் போய்விட்டது என்று துணியைப் போட்டுவிடுவார். தேதியைச் சரி செய்தால் அன்றைக்கு வேலை நடக்கும். பேட்டரியை மாற்றினால் நிரந்தரமாகச் சரியாகும், விலை ஒரு டீ, வடைக் கணக்குதான்.

இன்னொன்று பழைய விண்டோஸ். விண்டோஸ் 7 மெஷின்களில் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து புதியது வரவில்லை. அதனால் சில அரசுத் தளங்கள் பாதி திறக்கும், பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. நூலகங்களில் இருக்கும் பல மெஷின்கள் விண்டோஸ் 11-ஐத் தாங்காத வயசுக்காரர்கள். வெறும் பிரவுசர் ஓட்டுவதற்கென்றே இருக்கும் மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவில் உருவான பாஸ் லினக்ஸிலேயே தமிழ் உண்டு. காசும் செலவில்லை, பென் டிரைவில் வரும் வழக்கமான வைரஸ்களும் அதில் வாலாட்டாது. நூலகரிடம் சொன்னால் "மேலே கேட்கணும்" என்பார். அவரைக் குற்றம் சொல்லமுடியாது.

சரி, மெஷின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தங்கையின் விண்ணப்பம்.

போடலாம். ஆனால் அங்கே போய் முதலிலிருந்து ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போதாது. வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போகவேண்டும். டிஎன்பிஎஸ்சியில் முதலில் ஒருமுறைப் பதிவு. அதற்கு 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். தேர்வுக் கட்டணம் இதில் அடங்காது, அது தனி. போட்டோவும் கையெழுத்தும் குறிப்பிட்ட கேபி அளவுக்குள் இருக்கவேண்டும், அளவு அறிவிக்கையிலேயே இருக்கும். நூலகத்து மெஷினில் பெரிதாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். போனில் எடுத்த படம் மூன்று, நான்கு எம்பி இருக்கும். அதைச் சுருக்க முன்பின் தெரியாத இணையதளங்களில் கையெழுத்தை ஏற்றவேண்டாம். விண்டோஸில் இருக்கும் பெயின்ட் போதும். படத்தைத் திறந்து, ரீசைஸில் பிக்சலைக் குறைத்து, ஜேபெக்காகச் சேமித்தால் அளவு இறங்கிவிடும். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் படம் எடுங்கள்.

ஓடிபி வருகிற போன் கையில் இருக்கவேண்டும், அதில் சார்ஜும் இருக்கவேண்டும். பழைய கட்டடங்களின் கனத்த சுவருக்குள் சிக்னல் கிடைக்காது. ஓடிபிக்காக வாசலுக்கு ஓடி, திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துபோவது சகஜம். ஜன்னலோர மெஷினாகப் பார்த்து உட்காருங்கள். மின்சாரம் போகும் நேரம் என்றால் யுபிஎஸ் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நிரப்பிய படிவம் கரண்ட் போனால் போனதுதான். கடைசி நாள் சாயங்காலம் போகவே போகாதீர்கள், அன்றைக்குத் தளமும் திணறும், நூலகத்திலும் வரிசை நிற்கும். விண்ணப்பத்தில் தப்பு செய்துவிட்டால், கடைசித் தேதிக்குப் பிறகு திருத்துவதற்குச் சில நாள் தருகிறார்கள். அது எந்த நாள்கள் என்பதும் அறிவிக்கையிலேயே இருக்கும்.

இனி ஆபத்துப் பக்கம். நூலகர் உங்கள் தங்கையின் விவரத்தைத் திருடுவார் என்ற பயம் வேண்டாம். அவளுக்கு அடுத்து உட்காருபவருக்கு அவள் என்ன விட்டுவிட்டுப் போகிறாள் என்பதுதான் பிரச்சினை. நூலகம் என்றில்லை, தெருமுனை பிரவுசிங் சென்டரிலும் இதே கதைதான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ஊர்ப் பாதிப்பேரின் ஆதார் பிடிஎஃப் அங்கே வரிசையாக நிற்கும். அந்த பிடிஎஃபுக்குக் கடவுச்சொல் உண்டே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. பெயர் ஃபைலிலோ பக்கத்து விண்ணப்பத்திலோ தெரிந்துவிடும், வருடத்தை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பொதுக் கம்ப்யூட்டரில் மின்-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லாப் பிரதியையும் நிரந்தரமாக அழியுங்கள் என்று ஆதார் ஆணையமே சொல்கிறது. வேறு வழியில்லை என்றால் முதல் எட்டு எண்ணை மறைத்துத் தரும் மாஸ்க்டு ஆதாரை இறக்குங்கள். அழிக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது ரீசைக்கிள் பின்னில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

பிரவுசரைத் திறந்ததும் வலது மேலே இருக்கும் படத்தை அழுத்தி கெஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்காக்னிட்டோவும் பரவாயில்லை, கெஸ்ட் இன்னும் சுத்தம். ஜன்னலை மூடியதும் லாகின், வரலாறு எல்லாம் போய்விடும். இறக்கிய ஃபைல் மட்டும் இரண்டிலுமே போகாது, அதை நீங்கள்தான் அழிக்கவேண்டும். வழக்கமான ஜன்னலில் ஜிமெயிலைத் திறந்தால், சிங்க் செய்யவா என்று நைஸாகக் கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால் உங்கள் போனில் சேமித்த எல்லாக் கடவுச்சொல்லும் அந்த மெஷினுக்கு இறங்கி வந்துவிடும். பலருக்கு இது தெரியாது. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்றாலும் வேண்டாம்தான்.

போனிலிருந்து போட்டோவை எடுக்க எல்லாரும் செய்வது வாட்ஸ்ஆப் வெப்பைத் திறப்பது. நான் அதை விரும்புவதில்லை. லாக் அவுட் செய்ய மறந்தால் உங்கள் குடும்பப் பேச்சு முழுவதும் அடுத்தவர் கண்முன் ஓடும். போன் சார்ஜர் கேபிளையே கொண்டுபோய் செருகி ஃபைலை எடுக்கலாம். மறந்துவிட்டு வந்துவிட்டாலும் வழி இருக்கிறது. போனில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து லிங்க்டு டிவைசஸ் போனால் அங்கிருந்தே துண்டிக்கலாம். கூகுள் கணக்கிலும் அதேபோல் யுவர் டிவைசஸ் என்ற இடத்தில் வெளியேற்றலாம்.

பென் டிரைவ் பற்றி. பொது மெஷினில் செருகி எடுத்தபின் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பது பழைய வியாதி, இன்னும் தீரவில்லை. சான்றிதழ்களின் ஒரே பிரதி இருக்கும் பென் டிரைவை அங்கே கொண்டு போகாதீர்கள். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருப்பதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சமீப வருடங்களில் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதியவர்களின் மதிப்பெண் பட்டியல் அதில் கிடைக்கும்.

கட்டணம் கட்டும்போது ஏடிஎம் கார்டு எண்ணையோ நெட் பேங்கிங் கடவுச்சொல்லையோ அந்தக் கீபோர்டில் தட்டவேண்டாம். கட்டணப் பக்கத்தில் யுபிஐ க்யூஆர் வந்தால் உங்கள் சொந்தப் போனில் ஸ்கேன் செய்து கட்டுங்கள். இரகசியம் எதுவும் அந்த மெஷினைத் தொடாது. அந்த வசதி இல்லாவிட்டால் படிவம் நிரப்புவதை நூலகத்திலும், கட்டணத்தைப் பிறகு போனில் லாகின் செய்தும் முடிக்கலாம்.

சில நூலகங்களில், மெஷினை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்புகிற மென்பொருள் போட்டிருப்பார்கள். டீப் ஃப்ரீஸ் என்பது அதில் பிரபலம். பயன்படுத்தியவர் எதை மாற்றினாலும், எந்த வைரஸ் வந்தாலும் மறுதொடக்கத்தில் மாயம். பொது மெஷினுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. ஒரே கெடுதல், டெஸ்க்டாப்பில் சேமித்துவைத்து "நாளைக்கு வந்து முடிக்கிறேன்" என்று போனால் நாளைக்கு ஒன்றும் இருக்காது. போவதற்கு முன்னால் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு மட்டும்தான் அந்த மெஷின் என்று நினைக்கவேண்டாம். போனில் கண் வலிக்கிற எல்லாமே அங்கே நிம்மதி. பழைய வினாத்தாள், சமச்சீர்ப் பாடப்புத்தக பிடிஎஃப், ஐஐடிகளின் என்பிடெல் வகுப்புகள் எல்லாம் இலவசம், என்பிடெல்லில் சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. பட்டா, சிட்டா பார்க்கலாம், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். நிலம் வாங்கப்போகிற ஒருவர் இருபது வருட வில்லங்கத்தைப் போன் திரையில் படித்து முடிவெடுப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. இலக்கியம் பக்கம் போனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் தளம் என்று ஒரு கிளை நூலகத்தின் அலமாரி முழுவதையும்விடப் பல மடங்கு அந்த ஒரு திரைக்குள் இருக்கிறது.

ஆய்வு இதழ்கள் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாயில் சுமார் 13,000 இதழ்களை மத்திய அரசு திறந்துவிட்டது, ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. பொது நூலக வாசகருக்கு அதில் இடமில்லை. கல்லூரி முடித்து வெளியே வந்த மறுநாளே ஒருவர் படிக்கும் ஆசையை விட்டுவிடுவார் என்று நினைத்தார்களோ என்னவோ.

தமிழ் தட்டச்சுக்கு ஒரு குறிப்பு. பழைய மெஷின்களில் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்கள்தான் இருக்கும். அதில் அடித்த கடிதத்தை வேறு இடத்தில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரிகிற பொதுக் குறியீடான யூனிகோடில் அடியுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றாயிற்று. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள்களில் ஒன்று போட்டிருந்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். எதையும் நிறுவ அனுமதி இல்லையென்றால் கூகுளின் ஆன்லைன் உள்ளீட்டுக் கருவி பிரவுசரிலேயே ஓடும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வையற்றவர் யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் முழுக்க இலவசம், அதில் வரும் இ-ஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனம்தான், பழகினால் வேகமாகக் கேட்கலாம். பென் டிரைவிலிருந்தே ஓட்டுகிற வடிவமும் இருப்பதால் நிறுவ அனுமதி வேண்டும் என்ற பேச்சும் எழாது. ஹெட்போன் மட்டும் கையோடு கொண்டு போகவேண்டும்.

தேதியைச் சரிசெய்து பார்த்தும் திறக்கவில்லை, துணியும் விலகவில்லை என்றால் யாரிடம் போவது? நூலகரை நேராகப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடமே "நாங்கள் மனு கொடுத்தால் உங்களுக்கு உதவியாக இருக்குமா" என்று கேளுங்கள். பல பேர் "கொடுங்க, கொடுங்க" என்பார்கள், வாசகர் கேட்கிறார் என்று எழுத்தில் இருந்தால்தான் அவரும் மேலே எழுதமுடியும். அவருக்கு மேலே மாவட்ட நூலக அலுவலர். வாசகர் வட்டம் என்று ஒன்று உங்கள் நூலகத்திலும் இருக்கும், அதன் பெயரில் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எடை கூடும். எத்தனை மெஷின், எது எப்போதிலிருந்து ஓடவில்லை, இணைப்பு இருக்கிறதா, எந்த நேரத்தில் வாசகர் அதிகம் வருகிறார்கள் என்று விவரமாக எழுதுங்கள். ‘ஆவன செய்யுமாறு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய மனு ஃபைலில் தூங்கும். அது பலிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள், இல்லையென்றால் முதலமைச்சரின் 1100 உதவி எண்.

பணமே இல்லை என்று பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் நகராட்சியோ பேரூராட்சியோ கடந்த மூன்று வருடத்தில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் உடனுக்குடன் கட்டாமல் வைத்திருப்பது புதிதல்ல. அந்தப் பாக்கி எண் கையில் இருந்தால் வார்டு கவுன்சிலரிடம் பேசும்போது பேச்சின் தோரணையே வேறு. பேட்டரி, மௌஸ், யுபிஎஸ் போன்ற சின்னச் செலவென்றால் இவ்வளவு தூரம் போகவேண்டாம். ஆயிரம் ரூபாய் கொடுத்து நூலகப் புரவலர் ஆகிற திட்டம் இருக்கிறது, ஊரில் நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் முடிந்துவிடும்.

தங்கையின் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டதென்றால் இதற்கெல்லாம் காத்திருக்கவேண்டாம். நாளைக்கு வெள்ளிக்கிழமையா, இரண்டாம் சனிக்கிழமையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான கிளைகளுக்கு அந்த நாள்கள் விடுமுறை. மாவட்ட மைய நூலகத்துக்குப் போன் போட்டு நேரம் கேட்டுக்கொண்டு, காலையிலேயே பஸ் ஏறிவிடச் சொல்லுங்கள். மனுவை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.